மின்னஞ்சல் வழங்கியின் அணுகல் விதிகளும் எய்தியது விலக்கலும்

முன்னுரை

ஆய்வேட்டு இயல்களை நெறியாளருக்கு அனுப்புதலும் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை விடுத்தலும் இன்று மின்னஞ்சல் வழியாகவே நிகழ்கின்றன. விடுமுறையில் ஊர் சென்றிருந்த கட்டுரையாளர் தம் கல்வி நிறுவன முகவரியிலிருந்து அனுப்ப முயன்ற இயல் ஒன்று, '550' என்னும் எண்ணுடன் மறுக்கப்பட்டது. கடவுச்சொல் சரியாகவே இருந்தது. பிழை, வழங்கியின் விதிவரிசையில் இருந்தது. இத்தகைய பிழையைக் கண்டறிந்து திருத்தும் முறையை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995இல் உருவாக்கத் தொடங்கிய எக்சிம் என்னும் மென்பொருளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

விதிகள் இயங்கும் முறை

பெறுநர் முகவரி தரப்பட்டவுடன் எக்சிம் தன் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. ஏற்பு விதியிலோ மறுப்பு விதியிலோ கூறப்பட்ட நிபந்தனைகள் அனைத்தும் பொருந்தினால் அங்கேயே முடிவு எட்டப்படும். எஞ்சிய விதிகள் படிக்கப்படா. பொருந்தாவிடில் அடுத்த விதிக்குச் செல்லும். இறுதிவரை எவ்விதியும் முடிவு தராவிடில் அஞ்சல் மறுக்கப்படும்.

இலக்கண நூற்பாக்களின் முறைமை இதனின் வேறானது. முன்னைய நூற்பாவால் எய்தியதைப் பின்னைய நூற்பா விலக்குதலை உரையாசிரியர்கள் 'எய்தியது விலக்கல்' என்பர். அங்குப் பின்வரும் விதி வெல்லும். இங்கு முதலில் பொருந்தும் விதியே வெல்லும். எனவே பொதுவிதியை முன்னும் விலக்கைப் பின்னும் எழுதினால் விலக்கு பயனற்றுப் போகும்.

பிழையறிதல்

முதற்கண் மறுப்பு எண்ணை நோக்குதல் வேண்டும். 4இல் தொடங்குவது தற்காலிக மறுப்பு. 5இல் தொடங்குவது நிலையான மறுப்பு. அடுத்து, வழங்கியின் மறுப்புப் பதிவேட்டில் அந்நேரத்திற்குரிய வரியையும் அனுப்பிய கணினியின் இணைய முகவரியையும் கண்டறிதல் வேண்டும். பின்னர் அம்முகவரியிலிருந்து அஞ்சல் வருவதுபோல் ஒரு போலி உரையாடலை நடத்திப் பார்க்கலாம். எக்சிமில் இதற்கான வசதி உண்டு. அஞ்சல் எதுவும் உண்மையில் செல்லாது. எந்த விதி, எந்த நிபந்தனையால் முடிவு செய்தது என்பது திரையில் தோன்றும்.

மேற்கூறிய நிகழ்வில், தடைப்பட்டியலில் உள்ள இணைய முகவரிகளை மறுக்கும் விதி முன்னும், கடவுச்சொல்லால் உறுதிசெய்யப்பட்டோரை ஏற்கும் விதி பின்னும் இருந்தன. வீட்டு இணைப்புகளின் முகவரிகள் இத்தகைய பட்டியல்களில் இடம்பெறுதல் இயல்பு. ஆதலின் உரிய பயனரும் தடுக்கப்பட்டார்.

திருத்தமும் சோதனையும்

ஏற்பு விதியை மேலே நகர்த்துவதே திருத்தம். ஆயின் அதன் நிபந்தனை அனுப்புநர் முகவரியைச் சார்ந்திருத்தல் கூடாது. அதனை எவரும் போலியாக இடலாம். அங்ஙனம் எழுதின், வழங்கி யாவர்க்கும் திறந்த அஞ்சல் வாயிலாகித் தானே தடைப்பட்டியலில் சேரும். திருத்தத்திற்குப் பின் மூன்று சோதனைகள் இன்றியமையாதவை: பட்டியலிலுள்ள முகவரியிலிருந்து கடவுச்சொல்லுடன் வருவது ஏற்கப்படுதல், கடவுச்சொல்லின்றி வருவது மறுக்கப்படுதல், கடவுச்சொல்லற்ற அயலார் வேற்று நிறுவனத்தார்க்கு அனுப்புவது மறுக்கப்படுதல்.

முடிவுரை

விதிகள் தனித்தனியே சரியாக இருப்பினும் வைப்புமுறை பிழைபடின் பயன் பிழைபடும். ஆகவே மறுப்பு நேருமிடத்து விதியை நீக்க முற்படாமல், எவ்விதி முதலில் பொருந்தியது என வினவுதலே பிழை களைதற்குரிய முதற்படியாகும்.