கணினியோடு ஆடிய காலம் – 9: காணாமல்போன ஹிட்டைட்டுகள்

போன வாரம் ஃபிளாப்பியோடு நிறுத்தியிருந்தேன். அடுத்து வந்தது சிடி. கணினி இதழ் வாங்கினால் கூடவே ஒரு சிடி வரும். அதில் நாலைந்து விளையாட்டு டெமோக்கள் இருக்கும். தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அண்ணன், அப்படி வந்த சிடியிலிருந்துதான் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ டெமோவை ஏற்றி வைத்திருந்தார். மணிக்கு 30 ரூபாய். இணையம் கிடைக்காத நேரத்தில், அதாவது பெரும்பாலான நேரத்தில், அதைத்தான் ஆடிக்கொண்டிருப்போம்.

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் இருந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் செய்து, மைக்ரோசாஃப்ட் 1997-ல் வெளியிட்ட ஆட்டம் அது. கற்காலத்தில் இரண்டு மூன்று ஆட்களை வைத்துக்கொண்டு தொடங்கி இரும்புக் காலம் வரை நாட்டை வளர்க்க வேண்டும். சாமியார் கையைத் தூக்கி “வொலோலோ” என்று ஓதினால் எதிரிப் படைவீரன் நம் பக்கம் வந்துவிடுவான். கொஞ்ச நாள் எங்கள் தெருவில் கிரிக்கெட்டில் அவுட் ஆனவன்கூட பந்துவீச்சாளரைப் பார்த்து வொலோலோ ஓதிக்கொண்டிருந்தான்.

டெல்டாக்காரர்களுக்கு அதில் ஒரு வேடிக்கை உண்டு. 75 கட்டை கொடுத்தால் ஒரு வயல் கிடைக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று பேப்பர் பார்க்க வேண்டாம், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். 250 பங்கு உணவு எடுத்ததும் வயல் தானாக அழிந்துவிடும். திரும்பவும் 75 கட்டை. என்னைத் தேடி மாடியேறி வந்த அப்பா, கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “கட்டையை வித்துட்டு நெல்லா வாங்கிப்புடலாமேடா” என்றார்.

அந்த டெமோவில் இருந்த கதை ஹிட்டைட்டுகளுடையது. இன்றைய துருக்கியில் ஆண்டவர்கள், எகிப்தோடு மோதியவர்கள். வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரிகூட வராத அந்த நாட்டை நாங்கள் மாதக்கணக்கில் காப்பாற்றினோம். பிறகு சென்னைக்குப் போன யாரோ முழு ஆட்டத்தின் சிடியைக் கொண்டுவந்தார்கள். திறந்தால் எகிப்து, கிரேக்கம், பாபிலோன், யமட்டோ என்று நான்கு படையெடுப்புகள். தேர்ந்தெடுக்கும் 12 நாகரிகங்களின் பட்டியலில் ஹிட்டைட்டு பெயர் இருந்தது. அவர்களுடைய கதை மட்டும் இல்லை.

“அண்ணே, ஹிட்டைட்டைக் காணோம்.”

“நல்லாப் பாரு தம்பி. டெமோவுல இருக்குறது முழுசுல இல்லாமப் போவுமா?”

போயிருந்தது. அந்தக் கதை டெமோவுக்கென்றே தனியாகச் செய்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இந்த ஆட்டத்தின் கூடுதல் பாகமாக மறு ஆண்டு வந்த ‘ரைஸ் ஆஃப் ரோம்’ டெமோவிலும் இதே வேலைதான்; அதற்கென்று முதல் பியூனிக் போரைத் தனியாக வைத்திருந்தார்கள். மண்டியில் கையில் அள்ளிக் காட்டிய நெல் ஒன்று, மூட்டையில் இருக்கும் நெல் வேறு என்றால் சண்டை வரும். இங்கே மூட்டை நெல்லும் நல்ல நெல்தான், ஆனால் கையில் காட்டியது எங்கேயும் விலைக்குக் கிடைக்காது.

பொதுவாக நடப்பது வேறு. டெமோ பாதிச் சமையலில் எடுத்த ருசி, அதற்குப் பிறகு குழம்பே மாறிவிடும். 1997 நவம்பரில் நிண்டெண்டோ தன் ஸ்பேஸ் வேர்ல்ட் கண்காட்சியில் ‘போக்கிமான் கோல்டு, சில்வர்’ டெமோவை வைத்தது. ஆட்டம் கடைக்கு வந்தது 1999 நவம்பரில். நடுவில் ஜப்பான் முழுவதையும் தழுவியிருந்த வரைபடம் நாட்டின் ஒரு பகுதியாகச் சுருங்கியது. தொடக்கத்தில் தேர்ந்தெடுக்க வைத்திருந்த நெருப்புக் கரடிக்குட்டி இருந்த இடம் தெரியவில்லை. 2018-ல் அந்த டெமோ வெளியே கசிந்தபோதுதான் கரடிக்குட்டியை உலகம் நன்றாகப் பார்த்தது. இதெல்லாம் கைவேலையில் வரும் மாற்றம், குறை சொல்ல முடியாது. ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரைன்ஸ்’ சங்கதி அப்படியல்ல. டெமோவில் காட்டிய தரம் கடைக்கு வந்த ஆட்டத்தில் இல்லை என்று 2013-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். ஆட்டத்தை வெளியிட்ட சேகா நிறுவனம் 12.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

என்னைக் கேட்டால், 1999-ல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ முழு ஆட்டமே நம் ஊருக்கு டெமோதான். அதில் இந்தியாவிலிருந்து ஒரு நாகரிகம்கூடக் கிடையாது. ரசிகர்களே சேர்ந்து 2012-ல் செய்த ஒட்டுவேலையை மறு ஆண்டு அதிகாரபூர்வமாக வெளியிட்டார்கள். அதில்தான் ‘இந்தியர்கள்’ என்று மொத்த நாட்டையும் ஒரே சாக்கில் கட்டி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் அந்தச் சாக்கைப் பிரித்து, பழைய இந்தியர்களுக்கு ‘இந்துஸ்தானிகள்’ என்று பெயர் மாற்றி, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று மூன்று பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். திராவிடர் படையில் குதிரை சுமார், காலாட்படையும் கப்பலும் பலம். ராஜேந்திர சோழனுக்குத் தனிப் படையெடுப்பு. ஆட்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். முதல்முறை கேட்டபோது பக்கத்து அறையில் யாரோ பேசுகிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஹிட்டைட்டுகளும் கிடைத்துவிட்டார்கள். 2018-ல் முதல் ஆட்டத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது அந்த டெமோக் கதையையும் உள்ளே சேர்த்துவிட்டார்கள். செய்தி தெரிந்ததும் அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

“அண்ணே, ஹிட்டைட்டு கெடைச்சிருச்சு.”

“சந்தோசம் தம்பி. எத்தனை காப்பி போடணும்?”