குடியானவர் வீட்டு உக்கிராணம்

பயிரை விளைவிப்பதில் குடியானவர் காட்டும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கையேனும் விளைந்ததைக் காப்பதிலும் காட்டுவாராயின், ஆடி மாதத்தில் கடன் சொல்லிப் பருப்பு வாங்கவேண்டிய நிலை பல வீடுகளில் நேராது. உழவு, எரு, விதை, நீர் ஆகியவற்றைப் பற்றி யோசனை கேட்போர் பலர். களத்திலிருந்து வீடு வந்த தானியம் அடுப்பங்கரை சென்று சேரும்வரை எங்கே, எவ்விதம் இருக்கிறதென்று விசாரிப்போர் சிலரே. அவ்விசாரணைக்கு உரிய இடம் வீட்டின் உக்கிராணமாகும்.

காவேரிப் பாசன நிலங்களில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பு தை மாதத்தில் உளுந்தும் பயறும் தெளித்து, பங்குனி சித்திரையில் அறுவடை செய்வது வழக்கம். வீட்டுச் செலவுக்கும் அடுத்த தைக்கு விதைக்குமாக ஒரே பானையில் உளுந்தைக் கொட்டி மூடிவைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. வைக்கும்போது மணிகள் பழுதற்றவையாகவே தோன்றும். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் மணிதோறும் துளையும், பானையின் அடியில் மாவும், விளிம்பில் ஊரும் வண்டுகளுமே எஞ்சும். அன்றைய இட்லிக்கான உளுந்தும் போயிற்று. வரும் வருஷத்து விதையும் போயிற்று. இந்த நஷ்டம் எப்படி நேர்கிறதென அறிந்தால் அதைத் தடுப்பது கடினமன்று.

பூச்சி வரும் வழி

பயறு வண்டு வீட்டிலே பிறப்பதன்று. காய் முற்றும் சமயத்தில் வயலிலேயே அது முட்டையிட்டுவிடுகிறது. தானியத்தோடு வீட்டுக்கு வந்த புழு மணிக்குள் வளர்ந்து, வெப்பமான நாட்களில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளிவந்து, மற்ற மணிகளின்மேல் முட்டையிடுகிறது. மணியின்மேல் வெண்ணிறப் புள்ளிகள் ஒட்டியிருப்பின் அவை இம்முட்டைகளே. அரிசியையும் சோளத்தையும் கெடுக்கும் மூக்கு வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். ஆகையால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் புலப்படாது. அந்துப்பூச்சியோ நெற்குவியலின் மேற்பரப்பையே பெரும்பாலும் தாக்கும். இவை யாவும் ஈரமுள்ள தானியத்தில் விரைவாகப் பெருகும். நன்குலர்ந்த தானியத்தில் பெருக்கம் குன்றும்.

உலர்த்துதல்

நெல், கம்பு, கேழ்வரகு முதலியவற்றை நூற்றுக்கு 12 பங்கு ஈரத்துக்கும், பயறு வகைகளை 10 பங்குக்கும் மேற்படாதவாறு உலர்த்தவேண்டும். அளக்கும் கருவி இல்லாத வீட்டில் மணியைப் பல்லாற் கடித்துப் பார்க்கலாம்; நசுங்காமல் ஓசையுடன் உடைந்தால் போதுமான காய்ச்சலாகும். சமையலுக்குரிய பயறை வெயிலில் மெல்லிதாகப் பரப்பி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளால் மூடினால் வெப்பம் உள்ளே தங்கும். சுமார் 57 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் ஒரு மணி நேரம் நின்றால் மணிக்குள்ளிருக்கும் முட்டையும் புழுவும்கூட மடியும். உலர்த்திய தானியத்தைச் சூட்டோடு பாத்திரத்தில் அடைக்கலாகாது; ஆறியபின்னரே அடைக்கவேண்டும். இன்றேல் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

துவரையைச் செம்மண் கட்டி உலர்த்தி உடைத்து வைப்பது நம் பாட்டிமார் கண்ட நல்ல முறை. முழுப் பயறைக் காட்டிலும் உடைத்த பருப்பில் பயறு வண்டின் தொல்லை குறைவு. முழுதாகவே வைக்க விரும்புவோர் கிலோவுக்கு 5 மில்லிலிட்டர் வீதம் சமையல் எண்ணெய் விட்டு எல்லா மணிகளிலும் படும்படி பிசறி வைக்கலாம்.

பெரிய பாத்திரமும் சிறிய பாத்திரமும்

உக்கிராணத்தின் ஒழுங்கு முழுவதும் ஒரு விதியில் அடங்கும். இருப்புக்கு ஒரு பாத்திரம், புழக்கத்துக்கு ஒரு பாத்திரம் என இரண்டு இருத்தல் வேண்டும். இருப்புப் பாத்திரத்தைத் தினமும் திறந்தால் ஈரக்காற்றும் பூச்சியும் உள்ளே புகும். குனிந்து நிமிர்ந்து அள்ளும் பெண்ணின் இடுப்பும் நோகும். ஆகவே வாரம் ஒருமுறை மாத்திரம் அதைத் திறந்து, ஏழு நாளைக்கு வேண்டியதை அளந்தெடுத்து, அடுப்பங்கரையில் கைக்கெட்டும் உயரத்திலுள்ள சிறு பாத்திரத்தில் நிரப்பவேண்டும். நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசியும் கால் கிலோ பருப்பும் செலவாகும் வீட்டில் வாரத்துக்குப் பத்தரைக் கிலோ அரிசியும் ஒன்றேமுக்கால் கிலோ பருப்பும் போதும். அளந்தெடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் இருப்பு எத்தனை வாரத்துக்கு வருமென்பதும் தெரியும். மிச்சத்தை விற்பதா வைப்பதா என்பதையும் கணக்கோடு முடிவு செய்யலாம்.

சிறு பாத்திரத்தை முற்றும் காலிசெய்து துடைத்த பிறகே மறுபடி நிரப்பவேண்டும். பழையதன்மேல் புதியதைக் கொட்டினால் அடியிலுள்ளது ஒருபோதும் செலவாகாமல் வண்டுக்கு விளைநிலமாகும். மூடியின்மேல் பொருளின் பெயரையும் அடைத்த மாதத்தையும் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தால், வீட்டுப் பெண் வெளியூர் சென்ற நாளிலும் மற்றவர் தேடாமல் சமைக்கலாம். தினமும் வேண்டிய பொருள்கள் கண்மட்டத்துக்கும் இடுப்புக்கும் இடையிலும், பண்டிகைக்கு வேண்டியவை மேல்தட்டிலும், கனமானவை கீழேயும் இருக்கட்டும். தாளிப்புச் சாமான்களுக்கு அஞ்சறைப்பெட்டியைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை.

பானை, குதிர், தகரப்பெட்டி எதுவாயினும் தரையில் வைக்காமல் பலகையின்மேல், சுவரினின்று சற்று விலக்கி வைக்கவேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரும் தரையும் ஈரம் கசியும். விலகியிருந்தால் ஈரமும் ஏறாது. எலி நடமாட்டமும் கண்ணுக்குத் தெரியும்.

பொருளுக்கேற்ற முறை

கம்பை மணியாக வைத்தால் பல மாதம் இருக்கும். மாவாக்கினால் அதிலுள்ள கொழுப்புச் சத்து சில நாட்களிலேயே மாறிக் கசப்புத் தட்டும். ஆகவே அதை நாலைந்து நாட்களுக்குமேல் அரைத்து வைக்கலாகாது. புளியையும் உப்பையும் உலோகப் பாத்திரத்தில் வைத்தால் அதை அரிக்கும். மண் அல்லது பீங்கான் ஜாடியே ஏற்றது. அயோடின் சேர்த்த உப்பு ஈரத்தில் சத்திழக்கும், எப்போதும் மூடியிருக்கவேண்டும். எண்ணெய் வெளிச்சத்திலும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களிலும் விரைவில் காறும். வெங்காயத்துக்குக் காற்றோட்டமும், உருளைக்கிழங்குக்கு இருட்டும் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பசுமையேறிய கிழங்கில் நஞ்சு உண்டாதலால் அதை உண்ணலாகாது.

நிலக்கடலையைப் பற்றித் தனியே எச்சரிப்பது அவசியம். ஈரத்தோடு அடைத்த கடலையில் வளரும் ஒருவகைப் பூசணம் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிக் குஞ்சுகள் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று மாண்டதன் பின்னரே இது வெளிப்பட்டது. இந்நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முற்றும் அழியாது. பூசணம் பூத்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாகாது. கறவை மாட்டுக்கும் போடலாகாது. மாட்டுக்குப் போட்டால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் வரும்.

விதையும் மருந்தும் வேறிடம்

விதைத் தானியத்தை உணவுத் தானியத்தோடு ஒரே அறையில் வைக்காதிருத்தலே உத்தமம். வசம்புத் தூளைக் கிலோவுக்கு 10 கிராம் வீதம் விதையோடு கலந்து வைக்கலாம். உண்ணும் தானியத்துக்கு அது வேண்டாம். இரசாயன மருந்து கலந்த விதையை எத்தனை கழுவினாலும் சமைக்கலாகாது. கிடங்குகளில் உபயோகிக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மனிதர் வசிக்கும் வீட்டில் எக்காரணத்தாலும் வைக்கலாகாது. காற்றின் ஈரம் பட்டவுடன் அதிலிருந்து எழும் நச்சு வாயு உறங்குவோர் உயிரைப் போக்கும். சில படி உளுந்தைக் காக்க ஒரு குடும்பத்தைப் பணயம் வைப்பது தகாது.

மாதம் ஒரு நாள்

மாதந்தோறும் ஒரு நாளை உக்கிராணத்துக்கென ஒதுக்கி, பாத்திரங்களைச் சோதித்து, சந்தேகப்பட்டதை வெயிலில் காயவைத்து, தட்டுக்களின் இடுக்குகளைத் துடைக்கவேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அமைத்துள்ள பூச்சிப் பொறி இதற்கு உதவும். சுமார் 2 மில்லிமீட்டர் துளைகளுள்ள அக்குழாயைத் தானியத்துள் செருகினால், காற்றை நாடி அலையும் வண்டுகள் துளைவழியே விழுந்து அடியில் சிக்கும். வண்டு வந்திருப்பதைக் கண் அறியுமுன் இக்குழாய் அறிவிக்கும்.

மேற்கூறியவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது எதுவுமில்லை. ஒரு பலகை, இரண்டொரு மூடியுள்ள பாத்திரம், ஒரு சுண்ணக்கட்டி, சித்திரை வெயில் ஆகியவை போதும். இவ்வேலையைப் பெண்கள் தலையில் மாத்திரம் சுமத்தாமல், களத்தில் உலர்த்துவதையும் பலகை அடிப்பதையும் ஆடவர் ஏற்றுக்கொள்ளுதல் முறை. வரும் அறுவடைக்கு முன் பழம்பானைகளைக் கவிழ்த்துத் தட்டி, கழுவி, வெயிலில் வைத்துத் தொடங்குவார்களாக. ஆடியில் பானையைத் திறக்கும்போது அதன் பலன் கண்கூடாகத் தெரியும்.