வெற்று மடிக்கணினி எப்படிப் பேசத் தொடங்குகிறது?

வட்டில் எதுவும் இல்லை. பென்டிரைவும் செருகவில்லை. லேன் கேபிளை மட்டும் மாட்டி மடிக்கணினியை இயக்குகிறோம். சற்று நேரத்தில் லினக்ஸை நிறுவும் மெனு திரையில் வந்து நிற்கிறது. இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வலைப்பின்னலிலிருந்து ஒரு கோப்பை எடுக்க இயங்குதளம் வேண்டும்; இங்கே அந்த இயங்குதளமே இனிமேல்தான் வலைப்பின்னல் வழியே வர வேண்டும்.

முடிச்சை அவிழ்ப்பது, மதர்போர்டு சிப்பில் முன்பே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். வலைப்பின்னல் வழியே எப்படி விழித்தெழ வேண்டும் என்பதை இன்டெல் முன்னின்று வகுத்த பி.எக்ஸ்.இ. விதிமுறை சொல்கிறது. அதன் 2.1 பதிப்பு 1999இல் வெளியானது.

அந்த நேரத்தில் கணினிக்குத் தன் ஐபி முகவரி தெரியாது, சர்வர் எங்கே என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: நெட்வொர்க் கார்டில் பொறித்த 48 பிட் மேக் முகவரி. புது ஊரில் நள்ளிரவில் இறங்கியவர் தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுப்பதுபோல, அது 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு ஒரு செய்தியை அனுப்புகிறது. டி.எச்.சி.பி. சர்வர் அதற்கு ஓர் ஐபி முகவரியைத் தருகிறது. எந்தக் கணினியிடம் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்ற விவரமும் பதிலாக வருகிறது.

கோப்பைக் கொண்டுவருவது டி.எஃப்.டி.பி. 1980களின் தொடக்கத்திலேயே எழுதப்பட்ட இந்த நெறிமுறையில் பயனர்பெயர் கிடையாது, கடவுச்சொல் கிடையாது, கோப்புப் பட்டியல்கூடக் கிடையாது. அந்த எளிமைதான் அதன் பலம். மிகச் சிறிய சிப்பிலும் அடங்கிவிடும். 512 பைட் அனுப்பும், ‘கிடைத்தது’ என்ற பதில் வந்த பிறகே அடுத்த 512 பைட்டை அனுப்பும். 512க்குக் குறைவாக ஒரு துண்டு வந்தால் கோப்பு முடிந்தது என்று பொருள். இப்படியே 50 எம்.பி. கோப்பு வர வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை கொடுத்து வாங்க வேண்டும். துண்டின் அளவைப் பெரிதாக்கும் வசதி 1995இல் சேர்ந்தது.

முதலில் வருவது ஒரு குட்டி நிரல். அது இயங்குதளத்தின் மையமான கெர்னலை வரவழைத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் எழுந்ததும் நிறுவி நிரல் மறுபடியும் முதலிலிருந்து ஐபி முகவரி கேட்கிறது. இம்முறை அதற்கு இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. நெறிமுறை தெரியும் என்பதால், மீதிக் கோப்புகள் வேகமாக இறங்குகின்றன. ஒவ்வொரு நிரலின் வேலையும் தன்னைவிடத் திறமையான ஒன்றை அழைத்து வந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான். நிறுவி முழுக்க நினைவகத்திலேயே ஓடுவதால், வட்டை எப்படி வேண்டுமானாலும் அழித்துப் பிரிக்க முடிகிறது.

வைஃபையில் இது சுலபமில்லை. கடவுச்சொல் கொடுத்து இணைந்த பிறகுதான் அங்கே ஒரு வார்த்தையாவது பேச முடியும். பல ஃபர்ம்வேர்களுக்கு அது தெரியாது. 2008இல் டிவிடி டிரைவ் இல்லாமல் வந்த மேக்புக் ஏர் ஒரு விதிவிலக்கு. பக்கத்துக் கணினியின் டிவிடி டிரைவிலிருந்து வைஃபை வழியாகவே அதில் இயங்குதளத்தை நிறுவ ஆப்பிள் வழிசெய்திருந்தது.

யார் பதில் சொன்னாலும் நம்பிவிடுவது இந்த முறையின் பலவீனம். அதே வலைப்பின்னலில் இருக்கும் விஷமி ஒருவர் முந்திக்கொண்டு பதில் தரலாம். கையொப்பம் சரியாக இருக்கும் நிரலை மட்டும் ஓடவிடும் ‘செக்யூர் பூட்’ அதற்கு ஒரு தடுப்பு.

நிறுவி முடித்ததும் பூட் வரிசையில் வட்டை முதலில் வைக்க மறக்கக் கூடாது. மறந்தால், தானாக நிறுவும்படி அமைத்த சர்வர், மறுமுறை கேட்கும் கணினிக்கும் அதே பதிலைத்தான் தரும். இப்போதுதான் நிறுவிய இயங்குதளத்தை அழித்துவிட்டு, கணினி மீண்டும் முதலிலிருந்து நிறுவத் தொடங்கிவிடும்.