இருட்டிய பிறகே சாப்பாடு

சுங்கை வேயில் மாலை நேரத்தில் அறிவியல் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். ஒருநாள் பிளாச்சான் கட்டி ஒன்றை மேசையில் வைத்து, “இது எதிலிருந்து வருகிறது?” என்று கேட்டேன். “கூனி இறால், டீச்சர்” என்றாள் படிவம் 4 மாணவி ஒருத்தி. “அந்தக் கூனி எதைத் தின்னும்?” என்றதும் வகுப்பே அமைதியானது.

கடலில் மிதக்கும் பாசிகளோடு துடுப்புக்காலிகளையும் கூனி தின்னும். துடுப்புக்காலி ஒரு விலங்கு மிதவையுயிரி. பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் நீளந்தான். அதன் முக்கிய உணவு நுண்பாசி.

வெளிச்சம் இருக்கும் மேல்நீரில்தான் பாசி வளரும். ஆனால் பகலில் அங்கே போனால் மீனின் கண்ணில் பட்டுவிடும். அதனால் பல இனங்கள் பகலை ஆழத்தில் கழித்து, இருட்டியதும் மேலே வந்து மேய்கின்றன. விடியுமுன் கீழே இறங்கிவிடுகின்றன.

இது எப்படித் தெரியும்? சில மணி நேரத்துக்கு ஒருமுறை வலை வீசிப் பிடித்து, அவற்றின் குடலில் உள்ள பச்சையத்தை அளக்கிறார்கள். நீல ஒளி பட்டால் பச்சையம் சிவப்பாக ஒளிரும். ஒளிர்வு கூடினால் அதிகம் தின்றிருக்கிறது என்று பொருள்.

வெளிச்சம் மட்டுமே காரணமல்ல. மீன் குறைந்த இடத்திலும், பசி மிகுந்தபோதும் பகலிலேயே மேய்வதுண்டு. கிள்ளான் கரையோரம் போன்ற ஆழமற்ற கடலில் ஏற்றவற்றமும் கலங்கிய சேற்று நீரும் சேர்ந்துகொள்கின்றன. சில இனங்களுக்கு உடலுக்குள்ளேயே கடிகாரம் உண்டு. இருட்டறையில் வைத்தாலும் அந்தத் தாளம் சில நாள்கள் நீடிக்கும்.

ஆர்க்டிக் கடலில் கப்பலின் சாதாரண விளக்கொளியே 200 மீட்டர் ஆழம்வரை மீன்கள், மிதவையுயிரிகளின் நடமாட்டத்தை மாற்றியதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதைச் சொன்னதும் அதே மாணவி, “அப்போ விடியவிடிய எரியும் நம்ம கிள்ளான் துறைமுக விளக்கு, டீச்சர்?” என்றாள்.

“அதை அங்கேயே அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நீயே செய்யலாமே” என்றேன். எஸ்பிஎம் முடித்தபின் கடல் உயிரியல் படிக்க மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

மருத்துவம், பொறியியல் தவிர வேறு படிப்பு இல்லை என்று நினைக்கும் மாணவர்களே, ஸ்ரீ செத்தியாவில் கொமுட்டர் ஏறினால் அந்தக் கடல் ஒரே ரயில் தூரந்தான். ஒருமுறை போய்ப் பாருங்கள்.