தேம்ஸ் நதியோடு ஐந்து நாள் நடை!

குட்டீஸ்... லீவு விட்டால் எங்கே போவீர்கள்? தாத்தா வீடு, ஊட்டி, கன்னியாகுமரி... சரி, ஒரு ஆறு பிறக்கும் இடத்துக்குப் போய், அது ஓடும் வழியிலேயே ஐந்து நாள் நடந்து போனால் எப்படி இருக்கும்? பஸ் கிடையாது, கார் கிடையாது. கால் மட்டும் தான்!

இங்கிலாந்தில் நிறைய பேர் விடுமுறையை இப்படித்தான் கழிக்கின்றனர். முதுகில் ஒரு பை, அதில் மழைக்கோட்டு, மாற்று உடை, சாண்ட்விச், கையில் ஒரு மேப். இரவானால், வழியில் இருக்கும் ஊரில் தங்கிக்கொள்வர்.

அவர்கள் விரும்பி நடக்கும் ஆறுகளில் ஒன்று தேம்ஸ். ஆம்... லண்டன் நகருக்குள் ஓடுகிறதே, அதே தேம்ஸ் தான். அது பிறக்கும் இடத்திலிருந்து லண்டன் வரை, கரையோரமாகவே ஒரு நடைபாதை இருக்கிறது. நீளம், சுமார் 295 கி.மீ., முழுவதும் நடந்தால் இரண்டு வாரம் ஆகிவிடும். நாம் ஆக்ஸ்போர்டு நகரம் வரை மட்டும் போவோம். சுமார் 87 கி.மீ., தான். ஷூ லேசைக் கட்டிக்கொள்ளுங்கள்!

தண்ணீர் எங்கே?

கெம்பிள் என்ற சின்ன ரயில் நிலையத்தில் இறங்கி, வயல்வெளி வழியாக நடந்தால், ஒரு மரத்தடியில் கல் ஒன்று நட்டிருக்கும். 'தேம்ஸ் பிறக்கும் இடம் இது' என்று அதில் பொறித்திருக்கின்றனர். ஆவலோடு சுற்றிலும் பார்த்தால்... ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது! வெறும் கூழாங்கற்களும் புல்லும் தான். பூமிக்கு அடியில் இருக்கும் நீர்மட்டம் உயர்ந்தால் தான் ஊற்று எட்டிப் பார்க்கும். மழைக்காலம் என்றால் தண்ணீரைப் பார்க்கலாம். கோடையில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு தான் ஆறு ஆரம்பிக்கும். கடும் வறட்சி வந்த 2022ம் ஆண்டு, கல்லில் இருந்து சுமார் 8 கி.மீ., தள்ளித்தான் தண்ணீரே கண்ணில் பட்டது.

'தேம்ஸ் இங்கே பிறக்கவே இல்லை. செவன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் தான் பிறக்கிறது' என்று சொல்பவர்களும் உண்டு. 1937ல், பிரிட்டன் பார்லிமென்டிலேயே ஒரு எம்.பி., இதைக் கிளப்பினார். 'அது தேம்சில் வந்து சேரும் துணை ஆற்றின் பிறப்பிடம்' என்று சொல்லி, அமைச்சர் மறுத்துவிட்டார். ஒரு ஆற்றுக்குப் பிறந்த ஊர் எது என்று பெரியவர்கள் சண்டை போட்டிருக்கின்றனர், பாருங்கள்!

முதல் நாள் நடையில் ஆஷ்டன் கெயின்ஸ் என்ற கிராமம் வரும். இங்கே தேம்ஸ், தெருவோர வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. வீட்டு வாசலுக்கு முன்னால் ஆறு ஓடுவதால், வீடுகளுக்குப் போக ஆளுக்கொரு குட்டிப் பாலம்!

அடுத்தது, கிரிக்லேட். தேம்ஸ் சந்திக்கும் முதல் டவுன். இதன் பக்கத்தில் உள்ள புல்வெளியில் ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு அதிசயப் பூ பூக்கும். தலை கவிழ்ந்த மணி போல இருக்கும் அந்தப் பூவின் இதழ்களில், செஸ் போர்டு மாதிரி கட்டம் கட்டமாகக் கோடுகள். யாரோ ஸ்கேல் வைத்துப் போட்டது போலவே இருக்கும். பெயர், 'பாம்புத்தலை' மலர்! பூத்து, விதை விழுந்து முடியும் வரை அங்கே புல் அறுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு தான் அறுப்பு. அதன் பின் மாடுகள் மேயலாம். பல நூறு ஆண்டுகளாக இப்படியே நடப்பதால், பிரிட்டனில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அந்தப் பூ இங்கே பிழைத்திருக்கிறது.

படகுக்கு ஒரு 'லிப்ட்'

லெச்லேட் என்ற ஊரை நெருங்கும்போது ஆறு அகலமாகிவிடும். படகுகள் வரத் தொடங்கும். அங்கே கரையில் தாடி வைத்த ஒரு தாத்தா, மண்வெட்டியோடு ஒய்யாரமாகச் சாய்ந்திருப்பார். பயந்துவிடாதீர்கள், அது சிலை! பெயர், 'தேம்ஸ் அப்பா'. 1854ல் லண்டன் அருகே கட்டிய கண்ணாடி மாளிகைக்காக செய்த சிலை இது. 1936ல் மாளிகை தீப்பிடித்து அழிந்தபோது இவர் தப்பித்துவிட்டார். பிறகு, ஆறு பிறக்கும் இடத்தில் கொண்டு போய் வைத்தனர். ஆள் நடமாட்டம் இல்லாத இடமாயிற்றே... சிலர் சிலையைச் சேதப்படுத்தவே, 1974ல் இங்கே தூக்கி வந்துவிட்டனர்.

தாத்தா பார்த்துக்கொண்டிருப்பது ஒரு, 'லாக்'. பூட்டு இல்லை குட்டீஸ், இது படகுகளுக்கான லிப்ட்! ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது அல்லவா? படகு போகும் அளவுக்கு ஆழம் வேண்டும் என்று, அங்கங்கே தடுப்பணை கட்டி, ஆற்றைப் படிக்கட்டு மாதிரி ஆக்கிவிட்டனர். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் படகு எப்படி இறங்கும்?

அதற்குத்தான் லாக். ஆற்றோரம் ஒரு நீளத் தொட்டி. இரண்டு முனையிலும் கனமான கதவுகள். மேலே இருந்து வரும் படகு, தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குள் நுழையும். பின்னால் கதவை மூடுவர். முன் கதவில் உள்ள சின்ன மடையைத் திறந்தால், தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறும். படகும் அதோடு கீழே இறங்கும். இரண்டு பக்கமும் நீர்மட்டம் சமமானதும், முன் கதவைத் திறந்தால், படகு ஜாலியாகப் போய்விடும். இன்ஜின் வேண்டாம், கரன்ட் வேண்டாம். தண்ணீரின் எடையே வேலையைச் செய்துவிடும். மேல் போக வேண்டுமென்றால், இதே வேலை தலைகீழாக! இந்தப் பகுதியில் கதவுகளைக் கையால் தான் திறந்து மூடுகின்றனர். இங்கிருந்து லண்டனை ஒட்டிய டெடிங்டன் வரை, 44 லாக்குகள் இருக்கின்றன.

பாதைக்கு வந்த பாடு

இவ்வளவு சுகமாக நடக்கிறோமே, இந்தப் பாதை சும்மா வந்துவிடவில்லை.

இன்ஜின் இல்லாத காலத்தில், சரக்குப் படகுகளைக் கரையில் நடக்கும் குதிரைகள் தான் கயிறு கட்டி இழுத்தன. அந்தக் குதிரைகள் நடந்த தடம் தான் இன்றைய பாதையின் பெரும்பகுதி. ஆனால், கரையில் நிலம் வைத்திருந்த சிலர், 'என் நிலத்தில் குதிரை நடக்கக்கூடாது' என்றனர். அதனால், பாதை இந்தக் கரையில் கொஞ்ச தூரம், அந்தக் கரையில் கொஞ்ச தூரம் என்று தாவித் தாவிப் போனது. தாவும் இடங்களில், குதிரையையும் ஆளையும் அக்கரை சேர்க்கப் பரிசல் போன்ற படகுகள் இருந்தன.

பிறகு ரயில் வந்தது. சரக்குப் படகுகள் போயின. குதிரைகள் போயின. கடைசியில், அக்கரை சேர்க்கும் படகுகளும் போயின! நடந்து வருபவர் திடீரென்று ஆற்றைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். அக்கரையில் பாதை தெரியும். போக வழி இருக்காது.

தேம்ஸ் கரை முழுவதும் நடக்க ஒரு பாதை வேண்டும் என்ற யோசனை, 1948லேயே வந்தது. பாதை திறந்தது எப்போது தெரியுமா? 1996ல்! 48 ஆண்டுகள். கேட்டபோது உங்கள் வயதில் இருந்தவர்கள், திறக்கும்போது தாத்தா, பாட்டி ஆகியிருப்பார்கள்.

திறந்த பிறகும் வேலை முடியவில்லை. லெச்லேடுக்குக் கீழே ஆற்றைக் கடக்க வழியில்லாததால், நடப்பவர்கள் வண்டிகள் பறக்கும் சாலையில் சுற்ற வேண்டியிருந்தது. 2000ல் அங்கே ஒரு நடைபாலம் போட்டனர். வயலுக்கு நடுவே கிரேன் வர வழி ஏது? ஆளுக்கு 8 டன் எடையுள்ள இரண்டு இரும்பு உத்தரங்களை, விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கி வந்து ஆற்றின் மேல் இறக்கியது. நான்கு பேர் நடக்கும் பாலத்துக்கு ராணுவ ஹெலிகாப்டர்!

இப்போது வழி நெடுக, ஓக் மரத்தின் காய் படம் போட்ட அடையாளம் இருக்கும். அதைப் பார்த்து நடந்தால் போதும். தனியார் வயலுக்குள்ளேயும் போகலாம். உரிமையாளர் தடுக்க முடியாது. ஆனால், மாடு வெளியே போகாமல், திறந்த கதவை மூடிவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் முழுவதும் வயல், மாடு, அன்னப்பறவை, வயல், மாடு... கொஞ்சம் போர் அடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுநடுவே கரையில் கான்கிரீட் பெட்டிகள் போல ஏதோ நிற்கும். 1940ல், ஹிட்லர் படை வந்தால் ஒளிந்திருந்து சுடுவதற்காகக் கட்டிய அறைகள் அவை. பாலங்களின் பெயரும் வேடிக்கை. ஒன்றின் பெயர், 'தலைப்பிரட்டைப் பாலம்'. இன்னொன்று, 'புதுப்பாலம்'. கட்டியது 13ம் நூற்றாண்டில். 700 வயதைத் தாண்டியும் அது புதுசு தான்!

ஆலிஸ் கதை பிறந்த கரை

ஐந்தாம் நாள், காட்ஸ்டோ என்ற இடம். இடிந்து போன பழைய கன்னியர் மடம் ஒன்று இங்கே இருக்கிறது. 1862, ஜூலை 4ம் தேதி, ஆக்ஸ்போர்டில் கணக்கு ஆசிரியராக இருந்த டாட்சன் என்பவர், தன் நண்பர் டக்வொர்த்தோடு, லொரினா, ஆலிஸ், எடித் என்ற மூன்று சகோதரிகளைப் படகில் ஏற்றி இங்கே அழைத்து வந்தார். நடுவில் உள்ள ஆலிசுக்கு 10 வயது. 'கதை சொல்லுங்க...' என்று பிள்ளைகள் நச்சரிக்க, முயல் வளைக்குள் விழுந்த ஒரு சிறுமியின் கதையை, வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டே துடுப்பு போட்டார். 'இதை எழுதித் தாங்க' என்று ஆலிஸ் விடாமல் கேட்டாள். தன் கையாலேயே எழுதி, படமும் வரைந்து, 1864ல் அவளுக்குப் பரிசளித்தார். மறு ஆண்டு அது புத்தகமானது. லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட, 'ஆலிசின் அற்புத உலகம்' தான் அது!

கதையில் கண்ணீர்க் குளத்தில் நீந்தும் பறவைகளில் ஒன்று வாத்து, ஒன்று டோடோ. வாத்து, நண்பர் டக்வொர்த். டோடோ, டாட்சனே தான்.

அதே காட்ஸ்டோ பக்கத்தில் ஒரு கிளை ஓடை இருக்கிறது. கோடையில் சிறுவர்கள் அதில் குதித்து விளையாடுவர். ஊர் மக்கள் போராடி, 2022ல் அதை அரசின் குளியல் இடங்கள் பட்டியலில் சேர்த்தனர். பட்டியலில் சேர்ந்தால் தண்ணீரைச் சோதித்தே ஆக வேண்டும். சோதித்தால், அந்த ஆண்டே வந்த முடிவு, 'மோசம்'. பலத்த மழையின்போது ஆற்றில் கலக்கும் கழிவுநீர் ஒரு காரணம். பாதை கிடைக்க 48 ஆண்டு ஆனது. தண்ணீர் சுத்தமாக எத்தனை ஆண்டோ!

அடுத்து விரிவது, போர்ட் மெடோ என்ற பெரிய மேய்ச்சல் வெளி. 1086ல் எழுதிய கணக்குப் புத்தகத்திலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. இன்றும் குதிரைகளும் மாடுகளும் மேய்கின்றன. தூரத்தில் ஆக்ஸ்போர்டு கோபுரங்கள் தெரியும். அந்தப் பெயருக்கே, 'மாடுகள் ஆற்றைக் கடக்கும் துறை' என்று தான் அர்த்தம்.

ஊருக்குள் நுழைந்ததும், கொஞ்சம் விலகி ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வரலாம். அங்கே இருப்பவர் நமக்குத் தெரிந்தவர். திருக்குறளை 1886லும், திருவாசகத்தை 1900லும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு.போப்! ஆக்ஸ்போர்டு பல்கலையில் தமிழ் கற்பித்த இவர், 1908ல் மறைந்தார். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று கல்லறையில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லில் அந்த வார்த்தைகள் இல்லை. அவருடைய குடும்பத்தினரும், தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு வைத்த கல் என்று தான் இருக்கிறது. இங்கிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்தவருக்கு, நம்மவர்களும் சேர்ந்து வைத்த கல்!

மறுபடியும் ஆற்றங்கரைக்கு வந்து, தெற்கே நடந்தால், பாலி பாலம். ஆலிசின் படகு புறப்பட்டது இங்கிருந்து தான். இன்றும் இங்கே வாடகைப் படகு கிடைக்கிறது. கால் வலிப்பவர்கள் ரயில் ஏறினால், ஒரு மணி நேரத்தில் லண்டன் போய்விடலாம். வலிக்காதவர்களுக்கு, பாலத்துக்குக் கீழே பாதை தொடர்கிறது... இன்னும் 200 கி.மீ.,க்கு மேல்!