போலீசை திகைக்க வைத்த 10 ஆயிரம் பேர்!
உடற்பயிற்சி இயக்கத்துக்கு சீனா தடை போட்ட கதை

பீஜிங் நகரம். 1999-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

சீனத் தலைவர்கள் இருக்கும் சோங்நான்ஹாய் வளாகத்துக்கு வெளியே திடீர் கூட்டம். சுமார் 10 ஆயிரம் பேர்! கோஷம் இல்லை. கொடி இல்லை. வரிசையாக சும்மா நின்றார்கள். போலீசார் திகைத்துப் போனார்கள்.

யார் இவங்க?

"பாலுன் காங்" இயக்கத்தினர். 1992-ல் சாங்சுன் நகரில் லி ஹாங்சி என்பவர் தொடங்கியது. 5 வகை பயிற்சி. "உண்மை, கருணை, பொறுமை" என்று 3 உபதேசம். காலையில் பூங்காவுக்கு வந்தால் யாரும் செய்யலாம். கிழவர்கள், வேலைக்காரர்கள், கட்சிக்காரர்கள்கூட சேர்ந்தார்கள்.

டியான்ஜின் நகரில் இயக்கத்தைத் தாக்கி ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்தது. எதிர்த்தவர்களில் சிலர் கைது. நியாயம் கேட்கத்தான் பீஜிங் வந்தார்கள். பிரதமர் சூ ரோங்ஜி அவர்களில் சிலரிடம் பேசினார். இரவில் கலைந்தார்கள்.

வந்தது வினை!

ஜூன் 10-ந் தேதி, இயக்கத்தை ஒடுக்க தனி அலுவலகம். ஜூலை 22-ந் தேதி தடை. ஆயிரக்கணக்கானவர்கள் கைது. புத்தகங்கள் அழிப்பு. லி அதற்கு முன்பே அமெரிக்கா போய்விட்டார். மாட்டியது பூங்காவுக்கு வந்தவர்கள்தான்.

"மருத்துவத்தை மறுத்து ஆட்களைச் சாகடித்த கும்பல்" என்கிறது அரசு. "காவலில் அடித்தே கொன்றார்கள்" என்கிறது இயக்கம்.

எத்தனை பேர் இருந்தார்கள்? தடைக்கு முன் 7 கோடி என்று பேச்சு. தடைக்குப் பின் அரசு சொன்னது சுமார் 20 லட்சம்!

தடை இன்னும் நீங்கவில்லை.