மரை போன ரைபிள், முயல் வேட்டைக்குப் போன கதை!

6 டாலர் கொடுத்தால் ஒரு ரைபிள்! விற்றது கடைக்காரர் அல்ல. ராணுவமே விற்றது!

1865ஆம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்தது. 4 வருஷம் சண்டை போட்ட வடபகுதிச் சிப்பாய்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள்.

"கையில் இருக்கிற துப்பாக்கி வேணுமா? சம்பளத்தில் 6 டாலர் பிடித்துக்கொள்கிறோம். எடுத்துக்கொண்டு போ" என்றது அரசாங்கம்.

பலர் தோளில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

ஊருக்கு வந்த பிறகுதான் வம்பு. மனிதனைச் சுடுவதற்காகச் செய்த ரைபிள், முயல் வேட்டைக்கு லாயக்கில்லை!

என்ன காரணம்?

ராணுவத்தில் அப்போது பெரும் புழக்கத்தில் இருந்தது "ஸ்பிரிங்ஃபீல்டு" ரைபிள். குழலின் நீளம் 40 அங்குலம். வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் தள்ளிக் கெட்டிக்க வேண்டும்.

குழலின் துவாரம் 0.58 அங்குலம். ஒரு குண்டு ஏறக்குறைய 32 கிராம். 500 கஜம் வரை குறிபார்க்க அளவு வைத்திருந்தார்கள்.

அந்தக் குண்டு முயல் மேல் பட்டால் சட்டிக்குக் கறி மிஞ்சாது. பறக்கிற வாத்தை ஒற்றைக் குண்டால் அடிப்பதோ நடக்கிற காரியமில்லை.

சின்னப் பிராணிக்குச் சின்ன ரவைதான் சரி. ஒரே வெடியில் 200 ஈய ரவை பாய்ந்தால் நாலைந்தாவது பட்டுவிடும். ஏழை விவசாயி வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியும்.

"அப்படின்னா குண்டுக்குப் பதிலா ரவையைப் போட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம்.

அங்கேதான் சிக்கல்!

மெதுவடை மாதிரி...

ரைபிள் குழலின் உள்ளே மரை வெட்டியிருப்பார்கள். போல்ட்டிலும் நட்டிலும் இருக்கிறதே, அதே மாதிரி சுருள் பள்ளம். ஆனால் சுற்று மிகவும் நீளம். ஸ்பிரிங்ஃபீல்டில் 3 பள்ளங்கள். 72 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வெட்டியவை.

குண்டு இந்த மரையைக் கவ்விக்கொண்டு பம்பரமாகச் சுழன்று வெளியே வரும். சுழல்வதால்தான் அது தடம் மாறாமல் போகிறது.

ரவை கதை வேறு. நனைந்த குடையைக் கையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கும். மரை உள்ள குழலில் இருந்து வரும் ரவையும் அப்படித்தான். சுழற்சி வேகம் கூடினால் ரவை வட்டமாகச் சிதறி, நடுவே காலியாகிவிடும். மெதுவடை மாதிரி!

முயல் அந்த ஓட்டைக்குள் உட்கார்ந்திருந்தால்? ஒரு மயிர்கூடக் கருகாது. ஓடியே போய்விடும்.

போரிங் அடித்தார்கள்!

ஸ்கூட்டர் என்ஜின் தேய்ந்துபோனால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் "போரிங்" அடிக்கிறோம் அல்லவா? அதையேதான் அமெரிக்கத் துப்பாக்கி ஆசாரிகளும் செய்தார்கள்.

அவர்களுக்கு இது புதுசும் அல்ல. பென்சில்வேனியா பக்கத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே வேட்டை ரைபிள் செய்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்துக் குழல் மெது இரும்பு. கெட்டிக்கும் கம்பி உரசி உரசி வாய்ப்பக்கம் தேயும். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும். ஒரு நாள் கழுவாமல் வைத்தால் துரு ஏறும்.

முதலில் மரையைக் கொஞ்சம் ஆழப்படுத்துவார்கள். துவாரம் பெரிதாகும். அதற்கேற்ற பெரிய குண்டு வார்த்துக்கொள்வார்கள். அதுவும் தேய்ந்து, இனி மரை நிற்காது என்ற நிலை வந்தால், மொத்தமாக வழித்து வழவழப்பாக்கி விடுவார்கள். ரைபிள் போச்சு. ரவைத் துப்பாக்கி ஆச்சு!

போர் முடிந்ததும் இந்த வேலை பெருத்தது. ராணுவம் கழித்துப்போட்ட துப்பாக்கிகளை வியாபாரிகள் மொத்தமாக வாங்கினார்கள். மரையை வழித்தார்கள். நீளக் குழலை அறுத்துக் குட்டையாக்கினார்கள். முன்பக்கக் கட்டையை வெட்டினார்கள். மலிவு விலையில் ஷாட்கன் ரெடி!

வாய் நசுங்கியிருந்தால் அந்தத் துண்டை அறுத்தால் தீர்ந்தது. மேலோட்டமான துருக்குழி போரிங்கிலேயே போய்விடும்.

நஷ்டம் தூரத்தில்தான். 500 கஜத்துக்குக் குறிவைத்த துப்பாக்கி 30 கஜத்துக்குள் அடங்கிவிட்டது. புதரில் பதுங்கும் முயலுக்கு அது போதுமே!

சுவர் இருந்தால்தான் சித்திரம்

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. உயிர் போகிற ஆபத்து.

துவாரத்தைப் பெரிதாக்கினால் குழலின் சுவர் மெலியும். மருந்து வெடிக்கிற அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்தச் சுவர்தான். துரு உள்ளே எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்பது வெளியே தெரியாது. அடிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போச்சு. குழல் வெடித்தால், போவது சுடுகிறவரின் இடது கையும் கண்ணும்.

இந்தப் பாடத்தை வெள்ளைக்காரன் படித்தது நம் நாட்டில்!

1857 சிப்பாய்க் கலகத்துக்குத் தீமூட்டியது என்ஃபீல்டு ரைபிளின் கொழுப்புத் தடவிய தோட்டா. அது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது.

"இனிமேல் இந்தியச் சிப்பாய் கையில் நம்முடையதற்குச் சமமான ரைபிள் இருக்கக் கூடாது" என்று பிரிட்டிஷார் முடிவு கட்டினார்கள். 0.577 அங்குல என்ஃபீல்டு குழலை 0.656 அங்குலத்துக்குக் கடைந்து, மரையை அடியோடு எடுத்தார்கள். தூரத்துக்குக் குறிபார்க்கும் அளவையும் கழற்றினார்கள். 1858ஆம் வருஷத்து மாடல் என்று அதற்குப் பெயர்.

வெளியே பார்த்தால் அசல் என்ஃபீல்டு. உள்ளே வெறும் குழாய்!

பக்கத்துக்கு வழித்தது ஒரு மில்லிமீட்டர்தான். அதற்கே குழல்கள் புடைத்தன, வளைந்தன. மறு வருஷமே, சுவர் தடித்த புதுக் குழலோடு 1859 மாடலைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அமெரிக்க விவசாயிக்குச் சோறு போட்ட அதே வேலை, இங்கே சிப்பாயின் கையைக் கட்டிப்போடுவதற்காக நடந்தது. ஆனால் இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். மெலிந்தால் தாங்காது.

சோதனை இல்லாமல் சுடாதே!

இதனால்தான் பிரிட்டனில் குழலுக்கு முத்திரைச் சட்டம் இருக்கிறது. பர்மிங்ஹாமில் 1813 முதல் சோதனைச் சாலை நடக்கிறது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. பிறகு யாராவது உள்ளே கடைந்து குழலை மெலிய வைத்தால் பழைய முத்திரை செல்லாது. மறுபடியும் சோதிக்க வேண்டும்.

கருமருந்துக்குச் செய்த பழைய குழலில் இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தைப் போடுவது இன்னும் மோசம். அதன் அழுத்தத்தை அது தாங்காது.

நம் ஊரில் யாருக்கும் இந்த ஆசை வர வேண்டாம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கும் 1959ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. வேட்டைக்குக் கடிவாளம் போட்ட 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் இருக்கிறது. மாட்டினால் ஜெயில்தான்.

பார்க்க ஆசையா? அதற்குத் தடை இல்லை. எழும்பூர் மியூசியத்திலோ கோட்டை மியூசியத்திலோ பழைய நீளத் துப்பாக்கி கண்ணில் பட்டால், கொஞ்சம் குனிந்து அதன் வாயைப் பாருங்கள். சுருள் பள்ளம் தெரிந்தால் ரைபிள். வழவழவென்று இருந்தால், முதலிலேயே அப்படிச் செய்ததாக இருக்கலாம்... அல்லது, யாரோ மரையை வழித்ததாகவும் இருக்கலாம்!